ஓடைக்கரையில் அம்மா கேட்டது

போன மாதம் நம் லாரி உரிமையாளர் சங்கத்து ஆண்டு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். மேடையில் பேசியவர், இவருக்கு யாரும் வண்டி ஓட்டக் கற்றுக் கொடுக்கவில்லை, இந்த வட்டாரத்தில் மோட்டாரே ஐந்தாறுதான் இருந்த காலத்தில் பதினைந்து வயதுப் பையனாகத் தானே ஓட்டிப் பழகியவர் என்றார். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். நான் குனிந்து கழுத்தைக் கொடுத்தேன். அதற்குப் பிறகு, நாம் சாயங்காலம் கூடிப் பேசும் டயர் கடைப் பெஞ்சுக்கு நான் வரவில்லை. முழங்கால் வலி என்று சொல்லியனுப்பியது பொய்.

நம்மில் முக்கால்வாசிப் பேர் கிளீனராக லாரியில் ஏறி, டிரைவராகி, அப்புறம் சொந்த வண்டி வாங்கியவர்கள். உங்களுக்குக் கற்றுக் கொடுத்த அண்ணன்களின் பேச்சு வந்தால் இன்றைக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்கிறீர்கள். எனக்குக் கற்றுக் கொடுத்தது என் அம்மா. இதை நான் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் விட்டது வெறும் மறதியோ கூச்சமோ இல்லை. அதற்குப் பின்னால் ஒரு காரியம் இருக்கிறது. அதையும் சேர்த்து எழுதுகிறேன், படித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எருமப்பட்டிக்குத் தெற்கே எங்கள் தோட்டம். ஊருக்குள் சித்தப்பாவின் வீடு இருந்தது. நாங்கள் தோட்டத்திலேயே தனியாக இருந்தோம். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வேறு வீடு கிடையாது. யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம், சேலம் அஸ்தம்பட்டியில் இருந்த ஒரு வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் சொந்த நாட்டுக்குக் கப்பலேறும்போது தன் மோட்டாரை விற்றுவிட்டுப் போனார். அப்பா அதை வாங்கினார். மோட்டார் வேண்டும் என்று அப்பாவுக்கு எந்தத் தேவையும் இல்லை. எங்கள் பங்காளிப் பெரியப்பா ஒருவர் நல்ல உயர்சாதிக் குதிரை ஒன்று வாங்கி, ஊர்க் கோயில் திருவிழாவுக்கு அதன்மேல் வந்து இறங்கியிருந்தார். அதுதான் தேவை.

கறுப்பு வண்டி. மேலே கித்தான் கூரை, பக்கத்தில் ஏறப் பலகைப் படி, கையால் அமுக்கும் ரப்பர்க் குமிழ் ஹாரன். முன்னால் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால்தான் உயிர் வரும். உள்ளே ஏறி உட்கார்ந்தால் வெயிலில் காய்ந்த தோலும் பெட்ரோலும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். அந்த வாசனைக்காகவே பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வருவேன். அப்பா சேலத்திலிருந்து ஒரு டிரைவரைக் கூட்டி வந்து வைத்துக்கொண்டார். அவர் எட்டு மாதம் இருந்தார். அப்புறம் பங்குனியில் ஒரு பஸ்காரர் கூப்பிட்டார் என்று போய்விட்டார்.

டிரைவர் போன மூன்றாம் நாள் அப்பாவே எடுத்துப் பார்த்தார். வண்டி நேராகக் கடலைக்கொடிப் போருக்குள் போய் நின்றது. தலையில் கொடியும் சருகுமாக அப்பா இறங்கி, ஒன்றும் நடக்காதது மாதிரி கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவினார். அதன் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. மாட்டை விட்டு இழுத்து வண்டிக்கொட்டாயில் நிறுத்தினோம். ஆனாலும் சாயங்காலமானால் அப்பா கொட்டாய்க்குள் போய், நின்ற வண்டியின் பின் சீட்டில் ஏறி, காலை நீட்டிப் பேப்பர் படிப்பார். அதைப் பார்த்து நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறேன். அம்மா சிரித்ததில்லை.

ஒரு நாள் அப்பா நாமக்கல்லுக்குப் போயிருந்தபோது, முன் சீட்டில் முட்டையிட்டிருந்த கோழியை விரட்டிவிட்டு அம்மா அங்கே ஏறி உட்கார்ந்தாள். நான் விளையாட்டு என்று நினைத்தேன். அவள் காலால் பெடல்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். கியர் கம்பியை நாலு பக்கமும் தள்ளிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "ஹேண்டிலப் போட்டுச் சுத்து சாமி. கட்டை வெரல உள்ள மடக்காதே. எதுத்து அடிச்சா கை முறிஞ்சிரும்" என்றாள்.

அம்மாவின் பிறந்த வீடு ஓமலூர்ப் பக்கம். அப்புச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, ஆண் பிள்ளை இல்லை. அந்தக் காலத்திலேயே ஓமலூரிலிருந்து சேலத்துக்கு ஒரு பஸ் விட்டிருந்தார். ஆளெல்லாம் இறங்கின பிறகு வெறும் பஸ்ஸைக் கொட்டகைக்குக் கொண்டுபோகும் அரை மைல் தூரம், பன்னிரண்டு வயது மகளுக்குக் கீழே நாலு சாக்கை மடித்துப் போட்டு ஓட்ட விட்டிருக்கிறார். இரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறாள். பெரியவளானதும் அது நின்றுவிட்டது. இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியாது. மாமனார் பஸ் வைத்திருந்தார் என்பது மட்டும் தெரியும். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அம்மா அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. யாரும் கேட்டதுமில்லை.

தோட்டத்துக்குப் பின்னால் ஏரி. சித்திரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. வண்டல் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். கரையோரம் நாலைந்து வேல மரம், அவ்வளவுதான். அப்பா வெளியூர் போகும் நாளெல்லாம் எங்களுக்கு ஏரிதான். தோட்டத்து ஆள் ஒருவர் வண்டியைத் தள்ளிவிட வருவார். ஏரிக்குள் இறக்கி விட்டுவிட்டு, எதையும் பார்க்காதவர் மாதிரி திரும்பிப் போய்விடுவார். கடைசிவரை அவர் எதையும் பார்க்காதவராகவே இருந்தார்.

அம்மா கற்றுக் கொடுத்ததை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். நான் பிற்பாடு எத்தனையோ பையன்களை டிரைவராக்கியிருக்கிறேன். கத்தியிருக்கிறேன், தலையில் குட்டியிருக்கிறேன். அவள் ஒரு தடவை கூடக் குரலை உயர்த்தவில்லை. கிளச்சிலிருந்து நான் காலை வெடுக்கென்று எடுப்பேன், வண்டி குதித்து நின்றுவிடும். மறுபடி இறங்கிச் சுற்றுவேன். பத்துத் தடவை, பதினைந்து தடவை. தோள்பட்டை கழன்றுவிடும் போல இருக்கும். அவள் சொன்னாள்: "தூங்கற புள்ளைக்குக் கீழ இருந்து கைய உருவுவம் பாரு, அந்த மாதிரி கால எடு." எனக்கு அது என்னவென்று தெரியாது. நான் எந்தப் பிள்ளையைத் தூங்க வைத்தேன்? அவள் தன் கையை என் முழங்காலுக்கு அடியில் வைத்து, மெல்ல மெல்ல உருவிக் காட்டினாள். அடுத்த தடவை வண்டி ஒரு உலுக்கல் இல்லாமல் நகர்ந்தது.

கியர் மாற்றும்போது குனிந்து கம்பியைப் பார்ப்பேன். பார்க்காதே, காதில் கேள் என்பாள். இரண்டு மிதி, நடுவில் ஒரு மூச்சு. பல் கடிக்கிற சத்தம் வந்தால், வண்டிக்கு வலிக்கிறது என்பாள். தண்ணீரில் இறங்குவதைப் பற்றியும் சொன்னாள். ஓமலூரில் சரபங்கா ஆற்றில் பாலம் இல்லாத இடத்தில் அப்புச்சியின் பஸ் இறங்கி ஏறும். இறங்கினால் ஒரே கியர். மிதித்த காலை அக்கரை ஏறுகிறவரை தளர்த்தக் கூடாது. பயந்து காலை எடுத்தால் பின்னாலிருக்கும் புகைக் குழாயில் தண்ணீர் ஏறி வண்டி செத்துவிடும். சொன்னாள், நானும் தலையாட்டினேன். அந்தக் கோடையில் இறங்கிப் பார்க்கத் தண்ணீர் எங்கே இருந்தது?

ஒரே ஒரு தடவை அவள் தனியாக ஓட்டினாள். நான் ஓரளவு பழகிய பிறகு, ஒரு மத்தியானம், "நீ எறங்கி மரத்தடியில உக்காரு" என்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எடுத்தாள். ஏரியைச் சுற்றி ஒரு சுற்று நிதானமாக வந்தாள். இரண்டாவது சுற்றில் வண்டியின் சத்தம் மாறியது. செம்மண் புழுதி வேல மரத்துக்கு மேலே எழும்பிற்று. என்னைக் கடந்து போகும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். அம்மாவை அப்படி நான் பார்த்ததே இல்லை. எனக்குத் தெரியாத ஒரு பெண் என் அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டு போவது மாதிரி இருந்தது. நிறுத்தின பிறகும் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். "இன்னொரு சுத்து சுத்தட்டுமா?" என்று என்னைக் கேட்டாள். பசிக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்றேன் நான்.

வைகாசிக் கடைசியில் அப்பாவிடம் காட்டினோம். அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கி, இரண்டு பக்கமும் வேலி அடைத்த இட்டேரியில் நடந்து வரும்போது நான் வண்டியைக் கொண்டுபோய் அவர் முன்னால் நிறுத்தினேன். அப்பா வண்டியை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்தார். ஏறிப் பின்னால் உட்கார்ந்தார். வாசலில் அம்மா முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று அப்பா கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "டிரைவர் ஓட்டறப்பப் பாத்துட்டே இருப்பானுங்க. தானா வந்துருச்சுங்க" என்றாள்.

முதல் பொய் அவளுடையது, உண்மைதான். ஆனால் அதை ஒரு வாரத்தில் நான் என்னுடையதாக்கிக்கொண்டேன். அப்பா போகிற இடமெல்லாம் என்னைக் காட்டி, பார்த்தே கற்றுக்கொண்டான் என்பார். கேட்கிறவர்கள் வாய் பிளப்பார்கள். நானும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தேன். டிரைவர் தூங்கும்போது திருட்டுத்தனமாக எடுத்தேன் என்றேன். கனவில் கியர் மாற்றினேன் என்று கூட ஒரு தடவை சொன்னேன். அம்மா அங்கே இருந்தால் அவளும் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். மோர் கொண்டுவந்து வைப்பாள், போவாள்.

பெண்பிள்ளைகள் முன் சீட்டில் உட்கார்ந்தால் பார்வைக்கு நன்றாக இராது என்பது அப்பாவின் கட்டளை. அம்மா பின்னால் போய்விட்டாள், பக்கத் திரையையும் இறக்கி விட்டுக்கொண்டு. ஆனாலும் அங்கிருந்தே சத்தத்தைக் கேட்டு, கியர் மாற்ற வேண்டிய இடத்தில் என் சீட்டின் முதுகில் விரலால் ஒரு தட்டுத் தட்டுவாள். எதிரே மாட்டு வண்டி வந்தால் இரண்டு தட்டு. எனக்கு அது ஆரம்பத்தில் தெம்பாக இருந்தது. பிறகு எரிச்சலாகிவிட்டது. ஆடி மாதம் கோயிலுக்குப் போகும் வழியில் அப்பா பக்கத்தில் இருக்கும்போதே, "சும்மா தட்டிக்கிட்டே இருக்காதே, எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டேன். அப்பா சிரித்தார். அதோடு தட்டுவது நின்றுபோயிற்று.

அந்த வருஷம் சின்னம்மா பிள்ளை உண்டாகியிருந்தாள். சித்தப்பாவின் மனைவி. தை மாதம்தான் கல்யாணமாகி வந்தவள். இருபது வயது இருக்கும். நான் போனால் தலையில் எண்ணெய் வைத்து விடுவாள், என்னைத் தவிர வேறு யாரோடும் அந்த வீட்டில் அவள் சத்தமாகப் பேசிக் கேட்டதில்லை. மோட்டாரில் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போ என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பிள்ளை பிறந்ததும் இரண்டு பேரையும் உட்கார வைத்து நாமக்கல் கோட்டையைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

ஐப்பசியில் ஒரு காலை நேரம். அப்பாவும் சித்தப்பாவும் நிலத்து வழக்கு ஒன்றுக்கு வாய்தா என்று முதல் நாளே சேலம் போய்விட்டார்கள். ஊரிலிருந்து ஆள் ஓடி வந்தது. சின்னம்மாவுக்கு நாள் இருக்கும்போதே வலி கண்டுவிட்டது, உடனே வர வேண்டும் என்று. நானும் அம்மாவும் வண்டியை எடுத்துக்கொண்டு போனோம். மருத்துவச்சி வாசலிலேயே நின்றிருந்தாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, என் கையில் ஆகாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கூட வா என்றால் மோட்டாருக்குப் பயந்து பின்வாங்கிவிட்டாள். சின்னம்மாவைக் கட்டிலோடு தூக்கி வந்து பின் சீட்டில் கிடத்தினார்கள். தலை அம்மாவின் மடியில். அவள் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மாதிரி முனகினாள். நாங்கள் கிளம்பும்போது பொழுது பனை உயரம் ஏறியிருக்கும்.

நாமக்கல் பாதையில் பாதி தூரத்தில் ஒரு ஓடை குறுக்கே வரும். மற்ற நாளில் அது வெறும் மணல். முந்தின இரண்டு நாளாகக் கொல்லிமலையில் மழை. நாங்கள் போய்ச் சேரும்போது முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, காப்பி நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அகலம் ஒரு முப்பது நாற்பது கெஜம். இக்கரையில் சந்தைக்குப் போகும் வண்டிகள் நாலைந்து அவிழ்த்துவிட்டு நின்றன. பத்துப் பதினைந்து ஆண்கள். அவர்களுக்கு நடுவில் குதிரையைப் பிடித்தபடி எங்கள் பங்காளிப் பெரியப்பா. வண்டியைப் பார்த்ததும் எல்லோரும் ஓரமாக நகர்ந்தார்கள். பெரியப்பா என்னைப் பார்த்து, "ஏந் தம்பி, ஓட்டிருவியா?" என்றார். அவர் இளக்காரமாகக் கேட்டதாக அப்போது நினைத்தேன். இன்றைக்கு யோசித்தால், அவர் உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டிருக்கலாம்.

பின்னாலிருந்து அம்மா சொன்னாள்: "நிறுத்து சாமி. நீ அந்தப் பக்கம் தள்ளி உக்காரு. நான் எடுக்கறேன்."

நான் திரும்பினேன். "வேண்டாம்மா. பெரியப்பா நிக்கறாரு. எல்லாரும் பாக்கறாங்க."

"பாத்தாப் பாக்கட்டும். நீ தண்ணியில எறக்குனதில்லை."

"நான் ஓட்டிருவேன். நீ சும்மா இரு."

அம்மாவின் கை கதவுக் கைப்பிடியில் இருந்தது. அதை நான் பார்த்தேன். அவள் திரையை விரல் அகலம் விலக்கி வெளியே நின்ற ஆண்களைப் பார்த்தாள். பிறகு அந்தக் கை கைப்பிடியை விட்டுச் சின்னம்மாவின் நெற்றிக்குப் போயிற்று. "சரி, ஒரே கியரு. கால எடுக்காதே" என்றாள்.

அந்த நிமிஷத்தில் எனக்குச் சின்னம்மாவின் நினைவே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன். அம்மா இறங்கி வந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால், தானாகவே கற்றுக்கொண்ட பையன் என்ன ஆவான் என்பது ஒன்றுதான் என் மண்டையில் இருந்தது.

இறக்கினேன். பாதி வரை நன்றாகவே போயிற்று. நடு ஓடையில் முன் சக்கரம் ஒரு குழியில் இறங்கி, தண்ணீர் இரண்டு பக்கமும் விசிறி என் முகத்தில் அடித்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. காலை எடுத்துவிட்டேன். எடுத்தபோதே தெரிந்துவிட்டது. முதுகில் ஒரு தட்டு விழாதா என்று ஏங்கினேன். இரண்டு தடவை இருமிவிட்டு வண்டி நின்றது. பிறகு தண்ணீரின் சத்தமும் சின்னம்மாவின் முனகலும் மட்டும்தான்.

காளைகளைக் கொண்டுவந்து பூட்டி இழுத்தார்கள். பெரியப்பாதான் முதல் ஆளாக இடுப்புத் துணியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். சக்கரம் மணலில் புதைந்திருந்தது. கயிறு ஒரு தடவை அறுந்தது. அக்கரை சேர்த்தபோது வெயில் உச்சந்தலைக்கு வந்துவிட்டது. அதற்கப்புறம் வண்டி கிளம்பவில்லை. நான் ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றி உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. எனக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை.

அம்மா இறங்கினாள். சின்னம்மாவின் தலைக்குக் கீழே துணியைச் சுருட்டி வைத்துவிட்டு, காற்றுக்கு இறங்கினவள் மாதிரி முன் சக்கரத்தின் பக்கம் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். எனக்கு மட்டும் கேட்கிற குரலில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். மூடியைத் திற. அந்த ஒயரைக் கழற்று. பிளக்கைத் திருகி எடு, துடை, ஊது. முந்தானையில் ஒரு ஓரத்தைக் கிழித்து, கீழாக நீட்டினாள். நான் அதை வாங்கித் துடைத்தேன். சுற்றி நின்றவர்கள், பையன் எப்படி வேலை செய்கிறான் பார் என்று பேசிக்கொண்டார்கள். அப்போதும் அவள் குனிந்தே உட்கார்ந்திருந்தாள். அந்த நேரத்திலும் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். நாலாவது சுற்றில் வண்டி பிடித்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். சின்னம்மாவை உள்ளே கொண்டுபோனார்கள். நான் வராந்தாவில் நின்றேன். பொழுது சாய்கிற நேரத்தில் டாக்டரம்மா வெளியே வந்து அம்மாவிடம் பேசினார். தாய் பிழைத்துக்கொள்வாள், மாட்டு வண்டியில் கொண்டுவந்திருந்தால் அவளும் இல்லை என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, "ஒரு மணி நேரம் முந்தி வந்திருந்தா கொழந்தையும் கெடைச்சிருக்கும். ஆம்பளைப் புள்ளை" என்றார்.

அம்மா, "ஓடையில தண்ணி வந்துருச்சுங்க" என்றாள். என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. நர்ஸ் ஒருத்தி வெள்ளைத் துணியில் சுற்றி எதையோ எடுத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனாள். அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

எனக்கு ஏதாவது தண்டனை கிடைத்திருந்தால் இதை இவ்வளவு காலம் சுமந்திருக்க மாட்டேனோ என்னவோ. கிடைத்தது வேறு. சின்னம்மா உயிரோடு வீடு திரும்பினாள். மருத்துவச்சி கைவிட்ட உயிரை, ஓடை வெள்ளத்தில் வண்டியை இறக்கிக் காப்பாற்றிக் கொண்டுவந்த பையன் என்று எருமப்பட்டிச் சுற்று வட்டாரம் முழுக்கப் பேச்சு. செத்துப்போன வண்டியைத் தானே பிரித்து ஓட வைத்தான் என்று பெரியப்பாவே சந்தையில் நின்று சொன்னார். தீபாவளிக்கு அப்பா உறவுக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு விருந்து வைத்து, என் விரலில் ஒரு மோதிரம் போட்டார். சித்தப்பா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த கைகள். அம்மா இலை போட்டுப் பரிமாறிக்கொண்டு வந்தாள். என் இலைக்கு வந்தபோது, "இன்னும் கொஞ்சம் சோறு வெக்கட்டுமா சாமி?" என்று கேட்டாள். எப்போதும் கேட்கிற மாதிரியேதான் கேட்டாள்.

அதற்குப் பிறகு அம்மா அந்த மோட்டாரில் ஏறவில்லை. கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ மாட்டு வண்டியிலேயே போனாள். வயிற்றைப் புரட்டுகிறது என்று காரணம் சொன்னாள். அப்பா அதை நம்பினார். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனதும் வண்டியையே விற்றுவிட்டார். அந்த ஹேண்டில் மட்டும் எப்படியோ வீட்டில் தங்கி, கதவுக்குத் தாழ்க்கட்டையாகக் கொஞ்ச காலம் இருந்தது. அதுவும் எங்கே போயிற்றோ. சேலத்தில் லைசென்ஸ் எடுக்கப் போனபோது, யார் கற்றுக் கொடுத்தார்கள் என்று அதிகாரி கேட்டார். நானே கற்றுக்கொண்டேன் என்றேன். பக்கத்தில் இருந்த குமாஸ்தா நிமிர்ந்து பார்த்து மெச்சினார். இரண்டாவது லாரி வாங்கினபோது வண்டியின் முன்னால் எழுத அம்மாவின் பெயரைக் கேட்டார்கள். சாமி பெயரே இருக்கட்டும் என்றேன். அம்மா பெயரைப் போட்டால், ஏன் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று எனக்குப் பயம்.

அப்பா இறந்து சில வருஷம் கழித்து, ஒரு மத்தியானம் அம்மாவிடம் கேட்டே விட்டேன். அவள் ஆமணக்குக் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஓடையில் நீ ஓட்டியிருந்தால் வண்டி நின்றிருக்காது, இல்லையா என்றேன்.

"நின்னிருக்காது" என்றாள். கொஞ்ச நேரம் கொட்டையை உடைத்தாள். பிறகு, "உன்னைக் கேட்டது என்னோட தப்பு சாமி. பதினஞ்சு வயசுப் பையங்கிட்டப் போயி உத்தரவு கேட்டுட்டு நின்னேன். கதவத் தொறந்து எறங்கி வந்து உக்காந்திருக்கணும். ஆம்பளைங்க நிக்கறாங்கன்னு எனக்கும் கால் வரல" என்றாள்.

நான் அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை. சின்னம்மாவிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "சொல்றதுன்னா நீதான் சொல்லோணும். நானாச் சொல்ல மாட்டேன்" என்றாள். அவள் சொன்ன மாதிரியே, சாகிற வரைக்கும் சொல்லவில்லை.

நானும் சொல்லவில்லை. அம்மா போன பிறகும் சின்னம்மா இருபது வருஷத்துக்கு மேல் இருந்தாள். அவளுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. இன்னொரு கல்யாணம் செய்துகொள் என்று எல்லோரும் சொல்லியும் சித்தப்பா கேட்கவில்லை. இரண்டு பேரும் என்னைத்தான் பிள்ளையாக வைத்துக்கொண்டார்கள். என் குழந்தைகளைச் சின்னம்மாதான் எடுத்து வளர்த்தாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் எனக்கு வேட்டி எடுத்து வைப்பாள். வீட்டுக்கு யார் வந்தாலும், இவன் அன்றைக்கு மோட்டார் எடுக்காவிட்டால் நான் ஏது என்று ஆரம்பிப்பாள். நான் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை கிளம்பிப் போயிருக்கிறேன். போய் உட்கார்ந்ததும், முகம் ஏன் வாடியிருக்கிறது, சாப்பிட்டாயா என்பாள். தட்டை வைத்துவிடுவாள். சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவேன். அவள் மனம் உடைந்துவிடும் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்திருந்தேன். உண்மை அது இல்லை. ஓடைக்கரையில் எதற்குப் பயந்தேனோ அதற்குத்தான் அறுபது, எழுபது வயதிலும் பயந்தேன்.

சின்னம்மா போன அன்று நீங்களும் பலர் வந்திருந்தீர்கள். சித்தப்பா முன்னமே போய்விட்டதால் கொள்ளி வைக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். சுடுகாட்டில் விறகெல்லாம் அடுக்கி முடிந்ததும், நாவிதர் என்னை ஏற இறங்கப் பார்த்து, சொந்த மகன்தானா என்று பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்தார். அவர் வெளியூர்க்காரர், தெரியாமல் கேட்டார். கூட்டத்திலிருந்து யாரோ, "மகன்தானுங்க. இவர் இல்லீன்னா அந்தம்மா இருவது வயசுலயே போயிருக்கும்" என்றார்கள். எல்லோரும் ஆமாம் என்று தலையசைத்தார்கள்.

அந்த இடத்திலாவது நான் சொல்லியிருக்கலாம். கேட்க அவள் இல்லை, அம்மா இல்லை, அப்பா இல்லை. நான் தண்ணீர்க் குடத்தை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டேன். மூன்று சுற்று வர வேண்டும். அந்தப் பிள்ளை இருந்திருந்தால் அன்றைக்கு அவனுக்கு ஐம்பத்தெட்டு வயது. அவனுடைய இடத்தில் நான் நடந்தேன். வழி விட்டு எல்லோரும் ஒதுங்கி நின்றீர்கள்.